நாயின் காது நோயும் ஸ்டீராய்டு மருந்தும்



வீட்டு நாய் ஓயாமல் தலையை உதறுகிறது. பின்னங்காலால் காதைப் பிறாண்டுகிறது. கிட்டே போனால் ஒருவிதப் புளித்த வாடை. காதைத் தொட்டால் 'வள்'ளென்று கடிக்க வருகிறது. "மழைத் தண்ணி போயிருக்கும், தானாச் சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். சில மாதம் கழித்துப் பார்த்தால் துவாரமே தெரியாதபடி உள்ளே சதை வீங்கி அடைத்திருக்கும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை நம் மக்களுக்கு நாய் வீட்டுக் காவல்காரன். பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களோடு நாயும் கூடவே போனது. ஆகவே அதன் நோயைத் தெரிந்துகொள்வதும் குடும்ப நலத்தில் சேர்ந்ததே.

இந்தக் காது நோய்க்குப் பிராணி டாக்டர்கள் பெரும்பாலும் கொடுப்பது ஸ்டீராய்டு மருந்து. முறையாகக் கொடுத்தால் சில நாளிலேயே நாய்க்கு நிம்மதி தரும். கண்டபடி கொடுத்தால் நாயையே கெடுத்துவிடும். அதன் நன்மை தீமைகளைப் பார்ப்போம்.

'ட' எழுத்துப் போன்ற காது

நாயின் காதுக் குழாய் நம் தமிழ் 'ட' எழுத்தைப் போன்றது. மேலிருந்து நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. அந்தக் கோடியில்தான் செவிப்பறை இருக்கிறது. திருப்பத்தில் அழுக்கும் ஈரமும் தேங்கிக்கொள்ளும். காது தொங்கும் சாதி நாய் என்றால் காற்றும் சரியாகப் புகாது. நம் நாட்டு வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான்.

ஒவ்வாமை எப்படிக் காதுக்கு வருகிறது?

சிலருக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்து அரிக்கிறது அல்லவா? அதைத்தான் ஒவ்வாமை, அலர்ஜி என்கிறோம். நாய்க்கும் இது உண்டு. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூவின் மகரந்தம், தெள்ளுப்பூச்சியின் எச்சில், சில உணவுகள் ஆகியவை சில நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு அவற்றை எதிரியாக எண்ணிச் சண்டை போடுகிறது. தோல் சிவந்து, தடித்து, அரிக்கிறது.

காதின் உள்பக்கமும் தோல்தானே! தோல் ஒவ்வாமை உள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காதும் கெடுகிறது. முதலில் காதுத் தோல் வீங்குகிறது. பிறகு குரும்பி அதிகமாகச் சுரக்கிறது. அதுவரை காதில் சும்மா இருந்த ஈஸ்ட் என்னும் நுண்காளானும் கிருமிகளும் பெருகுகின்றன. புளித்த வாடையும் சீழும் இதனால் வருபவை. கிருமி பின்னால் வந்த விருந்தாளி. வாசலைத் திறந்துவிட்டது ஒவ்வாமை.

இரண்டு காதும் கெட்டு, பாதத்தை ஓயாமல் நக்கி, அடிவயிறும் சிவந்து, சில மாதத்துக்கு ஒருமுறை இதே தொல்லை வந்தால் ஒவ்வாமை என்று சந்தேகிக்கலாம். திடீரென்று ஒரு காது மட்டும் வலித்தால், உள்ளே உண்ணியோ புல் விதையோ புகுந்திருக்கலாம். குட்டி நாயின் காதில் காப்பித் தூள் போலக் கறுப்பு அழுக்கு இருந்தால், அது காதுச் செள்ளாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தைக் காணாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்தான் கோளாறு ஆரம்பமாகிறது.

ஸ்டீராய்டு என்ன செய்யும்?

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் இயற்கைப் பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டவையே இந்த மருந்துகள். 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டு நோயால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற மருந்தை ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். இந்த ஆராய்ச்சிக்காகக் கெண்டல், ரைக்ஸ்டீன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இந்த மருந்து காதில் வீக்கத்தை வடியச் செய்கிறது. அரிப்பும் வலியும் தணிகின்றன. குரும்பி சுரப்பது குறைகிறது. அடைபட்ட குழாய் திறப்பதுதான் முக்கியம். குழாய் மூடிக் கிடக்கையில் எவ்வளவு விலையுயர்ந்த சொட்டு மருந்தை ஊற்றினாலும் மேலேயே நின்றுவிடும், திருப்பத்தைத் தாண்டாது. அதனால்தான் வீக்கம் அதிகமானால், டாக்டர் முதலில் சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக் குழாயைத் திறக்கிறார். வீக்கம் குறைவாக இருந்தால் சொட்டு மருந்தே போதும். நாய்களுக்கான பல காது மருந்துகளில் ஸ்டீராய்டு, காளான் மருந்து, கிருமி மருந்து மூன்றும் ஒரே புட்டியில் கலந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் ஒவ்வாமை அரிப்புக்கு வேறு புது மாத்திரைகளும் ஊசிகளும் வந்திருக்கின்றன. ஆனால் வீங்கி அடைத்த காதைத் திறக்க இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் நாடுவது ஸ்டீராய்டைத்தான்.

என்ன செய்யாது?

"எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்பார்கள். ஸ்டீராய்டு கொதிப்பின் மேல் தெளிக்கும் தண்ணீர். அடுப்பிலிருந்து கொள்ளியைப் பிடுங்காது. தெள்ளுப்பூச்சி அப்படியே இருந்தால், ஒவ்வாத சாப்பாடே தொடர்ந்தால், மருந்து தீர்ந்ததும் காது மறுபடி வீங்கும். இப்படி வருடக்கணக்கில் வீங்கி வடிந்தால் குழாயின் சுவர் தடித்து எலும்பு போல் இறுகிவிடும். அதற்குப் பிறகு மருந்து கேட்காது. காதுக் குழாயையே அறுத்து எடுக்கும் பெரிய ஆபரேஷன்தான் வழி. சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் இந்த நிலைக்கு வரக்கூடாது.

வீட்டில் மிஞ்சிய மாத்திரை வேண்டாம்

"அப்பாவுக்கு இழுப்புக்குக் கொடுத்த மாத்திரை இருக்கே, பாதி உடைச்சுப் போடலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. காரணங்கள் இவை.

செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று டாக்டர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கிழிந்த பறை வழியாகச் சில சொட்டு மருந்துகள் உள்ளே போனால் நாய் செவிடாகலாம். தலை சாய்ந்து தள்ளாடலாம். பிறகு காது அழுக்கைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் காளானா, கிருமியா, செள்ளா என்று தெரியும். கிருமி முற்றிய காதுக்கு வெறும் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் வலி மறையும், கிருமி மறையாது.

மூட்டு வலி மாத்திரையோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்தால் நாயின் குடலில் புண்ணாகி இரத்தம் கசியலாம், உயிரும் போகலாம். சினைப்பட்ட நாய்க்கு இது குட்டியைக் கலைத்துவிடக்கூடும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் ஆகாது.

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு விஷப் பொருள் சட்டப்படி ஸ்டீராய்டு மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மூட்டு வலிக்கென்று விற்கும் சில 'ஜாமு' மருந்துகளில் டெக்ஸாமெத்தசோனைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துள்ளது. அப்படிப்பட்ட மருந்து மனிதருக்கே ஆகாது. நாய்க்குக் கொடுப்பது எப்படி?

மாத்திரை கொடுக்கும்போது

அளவு நாயின் எடையைப் பொறுத்தது. டாக்டர் சொன்னதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சோற்றோடு கொடுங்கள். மருந்து நடக்கும்போது நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பசி பசி என்று அலையும், மூச்சிரைக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள். வாந்தி, கறுப்பு மலம், சோர்வு கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

பல நாள் கொடுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து மருந்து வந்ததால் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். அது விழித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, தினமும் கொடுத்ததை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, படிப்படியாகக் குறைப்பார் டாக்டர். மாதக்கணக்கில் விடாமல் கொடுத்தால் வயிறு தொங்கும், முடி கொட்டும், தோல் மெலியும், சதை வற்றும், வேறு நோய்களும் எளிதில் பிடிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மண்ணெண்ணெய், பழைய லாரி எண்ணெய், சுட வைத்த தேங்காய் எண்ணெய், புகையிலைச் சாறு எதையும் காதில் ஊற்றாதீர்கள். புண்ணான காதுக்கு இவை நெருப்பு.

2. பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். அழுக்கை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும். டாக்டர் கொடுத்த கழுவு மருந்தை ஊற்றி, காதின் அடியை வெளியிலிருந்து மெதுவாகப் பிசைந்து, நாய் உதறியதும் வெளியே வந்ததைத் துணியால் துடையுங்கள்.

3. தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மருந்து போடும்போது வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் போடுங்கள். எந்த மருந்து எந்தப் பிராணிக்கு என்று கேட்டு வாங்குங்கள். நாய் மருந்துகளில் சில பூனையைக் கொன்றுவிடும்.

4. நாய்களுக்கு அதிகமாக ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. சாப்பாட்டின் மேல் சந்தேகம் என்று டாக்டர் சொன்னால், அவர் குறித்த உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் பிள்ளைகள் ஒரு துண்டு ரொட்டி போட்டாலும் சோதனை வீண்.

5. வாடை போய்விட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். டாக்டர் மறுபடி காதைப் பார்த்து "போதும்" என்று சொல்ல வேண்டும்.

ஈப்போவில் 1948-இல் தொடங்கிய கால்நடை ஆராய்ச்சி நிலையத்தை நம்மில் பலர் அறிவோம். அது நோய்ச் சோதனைக்கும் தடுப்பூசி தயாரிப்புக்கும் உள்ள இடம். காது நோய்க்குப் போக வேண்டியது பிராணி கிளினிக்குக்கு; எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்டக் கால்நடை இலாகாவில் விசாரியுங்கள். நோயுற்ற பிராணியைக் கவனிப்பது வளர்ப்பவரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டமும் சொல்கிறது.

அது வாயில்லா ஜீவன். தலையை உதறுவதுதான் அதன் பேச்சு. அடுத்த முறை அதே காதோடு கிளினிக்குப் போனால், "ஊசி போடுங்க" என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். "ஏன் டாக்டர் திரும்பத் திரும்ப வருது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் ஸ்டீராய்டைக் கொஞ்ச நாளோடு நிறுத்த முடியும்.