சிலுவையைக் கண்டெடுத்தவர் ஹெலெனாவா?

செப்டம்பர் 14 மணப்பாட்டில் திருச்சிலுவை மகிமைத் திருவிழா. கடலோர மணற்குன்றின் மேல் உள்ள கோயிலில், மெய்யான சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டத்தை முத்திசெய்ய, தூத்துக்குடிக் கரையூர்களிலிருந்தெல்லாம் சனம் திரளும். அந்தச் சிலுவை கிடைத்த கதையில் ரோமப் பேரரசி ஹெலெனாவின் பெயர் வராமல் இருக்காது.

நம்பிக்கை: எருசலேமில் மண்ணைத் தோண்டி மூன்று சிலுவைகளை எடுத்தார் ஹெலெனா. நோயுற்ற பெண்ணைக் குணமாக்கிய சிலுவையே இயேசுவினுடையது என்று கண்டார்கள்.

ஹெலெனா பாலஸ்தீனம் போனது உண்மை. 326–328 வாக்கில், எண்பது வயதை நெருங்கியபோது போனார். அவர் காலத்திலேயே வாழ்ந்த செசரியா ஆயர் யூசேபியஸ் அந்தப் பயணத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஹெலெனா பெத்லகேமிலும் ஒலிவ மலையிலும் கோயில் எழுப்பினார். ஏழைகளுக்குப் பணமும் துணியும் கொடுத்தார். சிறையிலும் சுரங்கத்திலும் கிடந்தவர்களை விடுவித்தார். சிலுவையைக் கண்டெடுத்ததாக ஒரு சொல் இல்லை.

யூசேபியஸின் மௌனம் ஒன்றே போதாது என்பதையும் சொல்லவேண்டும். 326இல் ஹெலெனாவின் மகனான பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் மகன் கிறிஸ்பஸையும் மனைவி ஃபௌஸ்டாவையும் கொல்லச் செய்தார். பேரரசரின் வாழ்க்கையை எழுதிய அதே நூலில் யூசேபியஸ் இதையும் விட்டுவிட்டார். வேண்டாததை விழுங்கத் தெரிந்தவர்தான்.

ஆனால் மற்றவர்களும் இருக்கிறார்கள். எருசலேம் ஆயர் சிரில், கான்ஸ்டன்டைன் காலத்தில் சிலுவை மரம் கிடைத்தது என்று 351இல் எழுதுகிறார். ஹெலெனா பெயர் இல்லை. 380களில் அங்கே போன எகேரியா என்ற பெண், பெரிய வெள்ளியன்று மக்கள் வரிசையாகக் குனிந்து அந்த மரத்தை முத்திசெய்ததை நேரில் பார்த்து எழுதினார். யாரோ ஒருவர் முத்திசெய்கிற சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துப்போனாராம். அதனால் திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காத்தார்கள். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவரும் ஹெலெனா கண்டெடுத்தார் என்று சொல்லவில்லை. நமக்குக் கிடைத்த எழுத்துகளில் அதை முதலில் சொல்பவர் மிலான் ஆயர் அம்புரோஸ், 395இல். ஹெலெனா இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

செப்டம்பர் 14க்கு வேரும் வேறு. எருசலேமில் கல்லறைக் கோயில் 335 செப்டம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. திருநாள் அதிலிருந்து வளர்ந்தது. அப்போது ஹெலெனா உயிரோடு இல்லை.

சுரங்கத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அந்த மனிதர்களைப் பற்றித்தான் திருவிழா மறையுரையில் கேட்க எனக்கு ஆசை. அதற்கு ஹெலெனா காலத்துச் சாட்சியே இருக்கிறது.

நம்பிக்கை: ஹெலெனா அணிந்தது கொற்கை முத்து.

நாணயத்தில் கழுத்தணியோடு இருக்கிறார், அவ்வளவே. கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததைக் கிரேக்க மாலுமி ஒருவரின் 'பெரிப்ளூஸ்' என்ற நூல் சொல்வது மெய். அது ஹெலெனா பேரரசியானதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. இரண்டையும் முடிச்சுப்போட ஆதாரம் கிடையாது.

நம்பிக்கை: தாய்தான் மகனைக் கிறிஸ்தவராக்கினார்.

யூசேபியஸ் நேர்மாறாகச் சொல்கிறார்: மகன்தான் தாயை இறைப்பற்றுள்ளவராக்கினார்.

நம்பிக்கை: ஹெலெனா பிறப்பிலேயே இளவரசி.

பிரிட்டன் அரசன் மகள் என்ற கதை இடைக்காலத்தில் கட்டியது. 306இல் பிரிட்டனின் யார்க் நகரில் படைவீரர்கள் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக்கினார்கள். கதை ஒட்டிக்கொள்ள அது போதும். அம்புரோஸோ ஹெலெனாவைச் சத்திரத்தில் வேலை பார்த்தவர் என்கிறார், இழிவாக அல்ல, பெருமையாகவே. இன்றைய துருக்கியிலுள்ள ட்ரெபனம் அவர் ஊர் என்பார்கள். மகன் அதற்கு ஹெலெனோபொலிஸ் என்று பெயர் மாற்றினார். கான்ஸ்டன்டைனின் தந்தை கான்ஸ்டான்டியஸ், பதவி ஏணியில் ஏறும்போது ஹெலெனாவை விலக்கிவிட்டு, பேரரசர் மேக்ஸிமியன் குடும்பத்துத் தியோடோராவை மணந்தார். அதன்பின் பல ஆண்டுகள் ஹெலெனாவைப் பற்றிப் பேச்சே இல்லை. 324இல் மகன் அவருக்கு 'அகஸ்டா' பட்டம் கொடுத்து, நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தார்.