ரொட்டிக்கு எந்த ஈஸ்ட்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீக்கடையில் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிய்த்த இடத்தில் பஞ்சு போல எத்தனை துளைகள்! ஒவ்வொன்றும் கரியமிலவாயு குடியிருந்த அறை. அந்த வாயுவை உண்டாக்கியது ஈஸ்ட் என்னும் ஒரு செல் பூஞ்சை.

ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைத்துக் கரியமிலவாயுவையும் ஆல்கஹாலையும் தருகிறது. 10 கிராம் குளுக்கோஸ் முழுவதும் இப்படிச் சிதைந்தால் இரண்டரை லிட்டருக்கும் அதிகமான வாயு கிடைக்கும். மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் பலூன் போல விரிந்து அதைப் பிடித்து வைக்கிறது. ஆல்கஹாலின் பெரும்பகுதி அடுப்பிலேயே ஆவியாகிவிடும். பன் தின்றால் போதை வருமோ என்று பயப்பட வேண்டாம்!

இட்லி மாவும் பொங்குகிறதே என்பீர்கள். அங்கே முக்கிய வேலைக்காரர் ஈஸ்ட் அல்ல. லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. அதற்கு ஓர் இரவு வேண்டும். புளிப்பும் சேர்ந்துவிடும்.

போன மே மாதம் எங்கள் வீட்டில் ரொட்டி செய்ய முயன்றோம். மூன்று மணி நேரம் கழித்தும் அரைக் கிலோ மைதா பிசைந்து வைத்தபடியே கிடந்தது. கடையில் திறந்த டப்பாவிலிருந்து பொட்டலம் கட்டித் தந்த ஈஸ்ட் அது. என்றோ செத்துப் போயிருந்தது! நொதித்தல் உயிருள்ள ஈஸ்டின் வேலை என்று 1857 முதல் செய்த ஆய்வுகளில் லூயி பாஸ்டர் காட்டினார். நாங்கள் ஒரு மைதாப் பொட்டலத்தைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

பேக்கரிகளில் சோப்புக்கட்டி போன்ற ஈரமான ஈஸ்டைக் காணலாம். ஒரு கிராமில் ஏறக்குறைய 1000 கோடி செல்கள்! ஆனால் அதில் 70 சதவீதம் தண்ணீர். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். திருத்தணியில் கத்திரி வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது வழக்கம். மின்சாரம் போய் வரும் வீட்டுக்கு இது ஒத்துவராது.

சிறு மணிகளாக வரும் உலர் ஈஸ்ட் இன்னொரு வகை. இதைச் சுமார் 40 டிகிரி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டால், உலர்ந்த செல் சவ்வு சரியாக மூடிக்கொள்ளாமல் உள்ளிருக்கும் குளூட்டதையோன் கசிந்து குளூட்டனைத் தளர்த்திவிடும், மாவு தொய்ந்துபோகும்.

1970களில் பரவிய 'இன்ஸ்டன்ட்' ஈஸ்ட் மிக நுண்ணிய மணிகள் கொண்டது. ஈரம் 5 சதவீதம் அளவே. காற்றில்லாத உறையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மாவிலேயே நேராகக் கலக்கலாம். நம் வீடுகளுக்கு இதுதான் ஏற்றது என்பேன். சிறிய உறையாக, தேதி பார்த்து வாங்குங்கள். அரைக் கிலோ மைதாவுக்கு 5 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன் போதும்.

இனிப்பு பன்னுக்கு மட்டும் சற்று யோசிக்க வேண்டும். ஊறுகாயில் உப்பு மாங்காயின் நீரை இழுப்பது போல, மிகுந்த சர்க்கரை ஈஸ்ட் செல்லின் நீரை இழுத்துவிடும். அதைத் தாங்கும் ஈஸ்ட் தனியாகவே விற்கிறது.

வாங்கிய ஈஸ்டைச் சோதித்துப் பாருங்கள். மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் அரை டம்ளர் நீர் வீதம் ஊற்றுங்கள்: ஒன்றில் பானைத் தண்ணீர், இன்னொன்றில் கை பொறுக்கும் வெந்நீர், மூன்றாவதில் கொதிநீர். கொதிநீரைப் பெரியவர்கள் ஊற்றட்டும்; அந்தப் பாட்டில் எவர்சில்வராக இருப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்டும் போட்டு வாயில் பலூனை மாட்டுங்கள். அரை மணி கழித்து எது பெரிதாக உப்பியிருக்கிறது? கொதிநீர்ப் பலூன் துவண்டே கிடக்கும். 60 டிகிரிக்குமேல் ஈஸ்ட் பிழைக்காது.

கோடையில் இன்னொன்று. சமையல் புத்தகம் மாவை இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்லும். நம் சமையலறையில் ஒரு மணிக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடக்கூடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். பானைத் தண்ணீரில் பிசைந்தால் கொஞ்சம் நிதானமாகப் பொங்கும்.