முதல் எங்கிருந்து வந்தது?

சூலியா தெருவில் நம்மவர் சிலர் காசு காசாய் முதல் சேர்த்தனர். சிலர் துவக்கத்திலேயே பெருந்தொகை போட்டனர். ஆகாயத்து நட்சத்திர மண்டலங்களிலும் இதே வழக்கு உண்டு.

பெரிய மண்டலங்களின் நடுவே, ஒளியும் தப்பாத கருந்துளை இருக்கிறது. அருகிலுள்ள மண்டலங்களில் அதன் எடை நட்சத்திரங்களின் எடையில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கே. மடிந்த நட்சத்திரத்தின் சிறு துளைதான் மெல்லப் பருத்ததா? கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன், ஆதியில் பெரும் வாயுமேகம் நேரே சரிந்தும் பெருந்துளை உண்டாகலாம் என்று கணித்தார்.

விண்ணில் உலவும் தொலைநோக்கிகளான ஜேம்ஸ் வெப்பும் சந்திராவும் (இது நம் சந்திரசேகரின் பெயர்) பிடித்த யு.எச்.இசட்.1 மண்டலத்தின் படம் 2023ல் வெளியாயிற்று. பிரபஞ்சம் பிறந்து 47 கோடி ஆண்டே ஆகியிருந்தபோது புறப்பட்ட ஒளி அது. அங்கே துளையும் நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரே எடை! சில்லறை சேர்த்துக் கடை வைத்தவன் நான். அத்தனை சீக்கிரம் அவ்வளவு சேராதென்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரே மண்டலத்தை வைத்து விஞ்ஞானிகள் பேரேட்டை மூடிவிடவில்லை.