அசைவூட்டப் படத்தை எடைபோடுவது எப்படி?

கேள்வி: அண்மைக்கால அனிமேஷன் படங்களின் தரத்தை ஒரு ரசிகர் எதைக் கொண்டு மதிப்பிடலாம்?
– வாசகர், திருகோணமலை

பதில்: அனிமேஷனில் முதலில் பார்க்க வேண்டியது அசைவு, படத்தின் பளபளப்பு அதற்குப் பிறகுதான். ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) திரையில் ஓடுகின்றன. ஒவ்வொரு சட்டத்துக்கும் புதிய நிலையைத் தந்தால் அசைவு வழுக்கிச் செல்லும். இரண்டு சட்டங்களுக்கு ஒன்று தந்தால் சற்றே வெட்டித் தெரியும். 2018இன் ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’ இந்த வேறுபாட்டையே கதை சொல்லப் பயன்படுத்தியது. அனுபவமற்ற இளம் ஸ்பைடர்மேன் மைல்ஸ் தொடக்கத்தில் வெட்டி வெட்டி அசைகிறான். தேர்ந்த மூத்த ஸ்பைடர்மேன் பீட்டர் வழுக்கிச் செல்கிறார்.

அடுத்தது கனம்: பாத்திரம் எடையுள்ள, உயிருள்ள உடலாகத் தெரிகிறதா என்பது. ரஜினிகாந்தின் அசைவுகளைப் பதிவுசெய்து உருவாக்கிய ‘கோச்சடையான்’ (2014) சறுக்கியது இங்கேதான்: கால் தரையில் ஊன்றவில்லை, கண்ணில் உயிரில்லை. ஏ. ஆர். ரஹ்மானின் இசையாலும் அதை மறைக்க முடியவில்லை.

படத்தின் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். இலங்கையில் கமிலஸ் பெரேராவின் சித்திரக்கதைப் பாத்திரமான கஜமன் 2023இல் முப்பரிமாணப் படமாக வந்தது. இத்தகைய முதல் முயற்சிகளை அமெரிக்க நிறுவனமான பிக்சாரின் பெருஞ்செலவுப் படங்களோடு ஒப்பிடுவது நியாயமன்று.

செலவு மட்டுமே தரமாகாது என்பதற்கு லாத்வியாவின் ‘ஃப்ளோ’ (2024) சான்று. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாகி, 2025இல் ஒஸ்கார் வென்றது. வசனமே இல்லாததால் மொழிமாற்றக் குரல் தொல்லையும் இல்லை. வெள்ளத்தில் படகேறும் பூனையின் கதை அது. அதன் நீரசைவைச் சோதிக்க, உட்துறைமுகக் கடலை நாள்தோறும் பார்க்கும் திருகோணமலைக் கண்ணைவிடத் தகுந்த கண் வேறில்லை.