பானெட்டை வெட்டுவதற்கு முன்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும் பையன்கள் ஒரு ஆசையையும் சேர்த்துக் கொண்டு வருவார்கள். அங்கே ரோட்டில் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். பானெட் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஸ்கூப் இருக்கும். ஊருக்கு வந்ததும், வீட்டில் நிற்கிற ஸ்விஃப்ட்டையோ போலோவையோ எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணம் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு வந்துவிடுவார்கள். "அண்ணே, இதே மாதிரி ஒன்னு வச்சுக் குடுங்க. காத்து நல்லா உள்ள போனா வண்டி பறக்கும்ல?"

பறக்காது. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த சுபாருவையே எடுத்துக்கொள்வோம். அந்த ஸ்கூப் வழியாகப் போகும் காற்று இன்ஜினுக்குள் போவதே இல்லை. டர்போ காற்றை அமுக்கும்போது அது கொதித்துப்போகும். அதை ஆற வைக்க ஒரு இன்டர்கூலர் வேண்டும். சுபாருவில் அந்த இன்டர்கூலரை இன்ஜின் தலைமேல் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு கிரில் வழியாகக் காற்று வராது என்பதால் பானெட்டைத் திறந்தார்கள். இன்ஜின் குடிக்கும் காற்று வேறு வழியில், ஏர் ஃபில்டர் பெட்டி மூலமாகத்தான் போகிறது. இதைப் பார்க்க சிங்கப்பூர் போக வேண்டாம். நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பழைய ஸ்கார்பியோ சிஆர்டிஇ-யையோ, 2009-ல் வந்த முதல் ஃபார்ச்சூனரையோ பானெட் தூக்கிப் பாருங்கள். ஸ்கூப்புக்கு நேர் கீழே இன்டர்கூலர் படுத்திருக்கும்.

அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பானெட்டின் அடிப்பக்கத்தில், ஸ்கூப்பைச் சுற்றி ஒரு ரப்பர் அல்லது ஃபோம் பட்டை இருக்கும். பானெட்டை மூடும்போது அது இன்டர்கூலர் விளிம்பில் அமர்ந்து, வரும் காற்று பக்கவாட்டில் ஓடிவிடாமல் தடுக்கும். எங்காவது முட்டி பானெட் மாற்றும்போது டிங்கரிங் ஆட்கள் இதை எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவதுண்டு. பெயிண்ட் பளபளவென்று இருக்கும், பட்டை இருக்காது. காற்று எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் ஓடும், இன்டர்கூலர் துடுப்புகளுக்குள் நுழையாது. "பானெட் மாத்தினதிலிருந்து மேட்டுல இழுவை கம்மியா இருக்கு" என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனி டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் வண்டிக்கு வருவோம். வெட்டுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ரேடியேட்டருக்கு மேலேயோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயோ, கிரில்லைப் பார்த்தபடி முடியும். வண்டி முகத்தில் காற்று நேராக மோதும் இடம் அது. இன்ஜின் சூடு எட்டாத இடமும் கூட. அதாவது ஸ்கூப் வைத்துக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்களே, அதைக் கம்பெனிக்காரன் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். ஸ்டைலாக இல்லை என்பதுதான் அதன் குறை.

காற்று போதவில்லை என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1.2 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்-மில் சுற்றும்போது நிமிஷத்துக்கு அதிகபட்சம் 3600 லிட்டர் காற்றை இழுக்கும். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டாங்க் மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாகத் தெரிந்தாலும், 60 மில்லிமீட்டர் குழாய் ஒன்று இதைச் சிரமமில்லாமல் கொடுக்கும். பானெட்டில் ஒரு அடி அகலத்துக்கு வாய் திறந்தாலும் இன்ஜின் தனக்கு வேண்டியதற்கு மேல் ஒரு மடக்கு குடிக்காது.

"வேகமா போறப்ப காத்து தானா திணிச்சுக்கிட்டு உள்ள போகும்ல?" போகும்தான், எவ்வளவு என்பதுதான் கேள்வி. 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் கூடுதல் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 150-ல் ஒரு சதவீதம். 200-ல் இரண்டு சதவீதத்தை எட்டாது. வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும் என்பதால், 300-ல் நான்கு சதவீதம் வரும். ரேஸ் பைக்குக்கும் ஃபார்முலா ஒன் காருக்கும் அது பெரிய காசு. 1970-களில் ஃபார்முலா ஒன் கார்களில் டிரைவர் தலைக்கு மேல் கோபுரம் மாதிரி ஏர்பாக்ஸ் வைத்தார்கள். உயரம் எல்லை மீறிப் போய் 1976-ல் விதி போட்டுக் குறைத்தார்கள். நம் 80 பி.எச்.பி. வண்டிக்கு 100-ல் கிடைப்பது அரை பி.எச்.பி.க்கும் குறைவு, அதுவும் ஒரு சொட்டுக் காற்று கசியாமல் இருந்தால். திருமயம் ரோட்டில் ஆடும் மாடும் குறுக்கே வராத நேரம் பார்த்து யார் 200-ல் போகப் போகிறார்கள்?

அடுத்தது இடம். பானெட் மேலே எங்கே வைத்தாலும் காற்று உள்ளே வரும் என்று நினைப்பது தப்பு. முன் விளிம்பைத் தாண்டியதும் காற்று மேலே எழும்பிப் போகும். அந்த இடத்தில் இழுப்புதான் இருக்கும், அமுக்கம் இருக்காது. அங்கே தட்டையாக ஒரு ஓட்டை போட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வரும். கண்ணாடி அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில், கதை தலைகீழ். காற்று கண்ணாடியில் முட்டி நிற்பதால் அழுத்தம் கூடும். 1970-ல் வந்த பான்டியாக் டிரான்ஸ் ஆம் காரில் ஸ்கூப்பின் வாய் பின்னோக்கி, கண்ணாடியைப் பார்த்து இருக்கும், காரணம் இதுதான். நம் கார்களில் ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் ஜன்னலும் அதே இடத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

நம்பாதவர்களுக்குச் செலவில்லாத ஒரு சோதனை. உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, பானெட் முழுக்க வரிசையாக செல்லோ டேப்பில் ஒட்டுங்கள். விடிகாலையில் ஆளில்லாத ரோட்டில் 60, 70-ல் ஓட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும். பானெட் நடுவில் நூல் ஒழுங்காகப் பின்னோக்கிப் படுத்திருக்கும். கண்ணாடி அடியில் மட்டும் குழம்பும், சுருளும், சில நேரம் முன்னோக்கித் திரும்பும். இதைப் பார்த்த பிறகு, பானெட்டின் பின்பக்க ஹிஞ்சில் வாஷர் கொடுத்துத் தூக்கிவிட்டால் சூடு வெளியேறும் என்று சொல்கிறவர்களை நீங்களே மடக்கலாம். வண்டி நிற்கும்போது சூடு வெளியேறும், உண்மைதான். ஓட ஆரம்பித்ததும் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். ரேடியேட்டர் வழியாக வந்த காற்று போக வழியில்லாமல் திணறும். ரேடியேட்டருக்கு அது கெடுதல்.

நம் ஊரில் உண்மையான எதிரி அழுத்தம் இல்லை, சூடு. 35 டிகிரியில் இழுக்கும் காற்றுக்கும் 65 டிகிரியில் இழுக்கும் காற்றுக்கும் அடர்த்தியில் ஏறத்தாழ 9 சதவீதம் வித்தியாசம். சக்தி அதே அளவு குறையாது, பாதி குறையும் என்று வைத்தாலும், ஸ்கூப் கொடுக்கும் அரை சதவீதம் எங்கே, இது எங்கே! போதாததற்கு, சூடான காற்றில் நாக்கிங் வரும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும். சித்திரை மாத மத்தியானத்தில் ஏசியும் போட்டுக்கொண்டு வண்டி செத்த மாதிரி ஏறுவது இதனால்தான்.

இதையும் கண்ணால் பார்க்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகும் ப்ளூடூத் டாங்கிள் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும். போனில் ஆப் போட்டு, இன்டேக் காற்றின் வெப்பத்தை மட்டும் திரையில் வையுங்கள். கீரனூர் ரோட்டில் 80-ல் போகும்போது, கைபடாத வண்டியில் அது வெளிவெப்பத்தைவிடச் சில டிகிரிதான் கூட இருக்கும். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டினால் விறுவிறுவென்று ஏறும். யோசித்துப் பாருங்கள்: குளிர்ந்த காற்று தேவைப்படுவது வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும். அந்த நேரத்தில் ஸ்கூப்பில் காற்றே மோதாது.

ஸ்கூப்பைவிட மோசம், ஃபில்டர் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு மாட்டும் கோன் ஃபில்டர். இன்ஜின் சூட்டுக்கு நடுவில் திறந்தவெளியில் தொங்கும். உர்ர் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தையே பவர் என்று காது நம்பிவிடும். அதே டாங்கிளை மாட்டி, நெரிசலை விட்டு வெளியே வந்ததும் பாருங்கள். பெட்டி உள்ள வண்டியில் வெப்பம் சீக்கிரம் இறங்கும். கோன் மாட்டிய வண்டியில் இறங்குவேனா என்று அடம்பிடிக்கும்.

எனக்குப் பிடித்த கருவி கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப். ஹார்டுவேர் கடையில் நாலு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் யு வடிவில் வளைத்துக் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் இணைத்து, மறுமுனையைக் காருக்குள் திறந்தபடி விட வேண்டும். யு-வின் இரண்டு கையும் ஆளுக்கொரு மீட்டராவது உயரம் இருக்கட்டும். இல்லையென்றால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, செகண்டு கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஆர்பிஎம்-மை உச்சிக்குக் கொண்டுபோங்கள். நீல மட்டம் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் காற்று வரும் பாதையின் மொத்தத் தடை. 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரக்கூடிய முழு அழுத்தமும் இதே ட்யூபில் நாலரை சென்டிமீட்டர் மட்டுமே.

இப்போது ஃபில்டரை மாற்றி மறுபடி பாருங்கள். எங்கள் பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷர் அதிகம். எம்-சாண்ட் லாரி பின்னாலேயே தினமும் போகிறவர்களின் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால் கோலமாவு மாதிரி கொட்டும். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது; பாதியிலேயே மாற்ற வேண்டும். பழையதுக்கும் புதியதுக்கும் ட்யூபில் தெரியும் வித்தியாசம், இப்படிப்பட்ட வண்டிகளில், ஸ்கூப்பின் நாலரை சென்டிமீட்டரைத் தாண்டிவிடுவதுண்டு. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் பெரிதாக அடிவாங்காது; பிக்கப்தான் போகும். ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்திருக்கிறதா, முன்னால் போகும் குழாய் கழன்று இன்ஜின் பக்கம் தொங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வைத்து ஃபில்டரை ஊதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். கருங்கல் தூசி நேராக சிலிண்டருக்குப் போய் ரிங்கைத் தேய்க்கும்.

பானெட்டைத் திறப்பதால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ சுற்றுக்குச் சுற்று முழு வேகத்தில் ஓடும் டர்போ வண்டிக்கு, ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள இழுப்புப் பகுதியில் சூடு வெளியேற வெட்டிய லூவர் உதவும். அது உள்ளே இழுக்கும் வாய் இல்லை, வெளியே விடும் வாய். அப்படிப்பட்ட வண்டி டிரெய்லரில் வரும், டிரெய்லரில் போகும். ரோட்டு வண்டியில் அதே லூவர் போட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை நேராக இக்னிஷன் காயில் மேல் இறங்கும். காற்றை ஃபில்டருக்கே நேராக விடும் ஸ்கூப் என்றால் இன்னும் ஆபத்து: ஃபில்டர் ஊறும், மிஞ்சிப் போனால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்க் கனெக்டிங் ராடு வளையும். வெட்டும்போது பானெட் அடியில் உள்ள விலாச் சட்டங்களும் போகும். பிறகு 100-ல் பானெட் படபடக்க ஆரம்பிக்கும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி வடிவமைத்த அடிப்படை அம்சங்களை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து க்ளெய்ம் சமயத்தில் சர்வேயர் கண்ணில் பட்டால் தனிப் பஞ்சாயத்து.

இவ்வளவு கேட்டும், "அழகுக்காவது ஒன்னு வேணும்ணே" என்பவர்களுக்கு வெட்டாமல் ஒட்டும் டம்மி ஸ்கூப் கடையில் கிடைக்கிறது. வைப்பர் தண்ணீர் பீய்ச்சும் நாசிலை மறைக்காமல், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ரோட்டை மறைக்காத உயரத்தில் ஒட்டுங்கள். ஒட்டும் முன் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். வாக்ஸ் இருந்தால் டேப் பிடிக்காது. வண்டியை விற்கும்போது நெம்பி எடுக்காதீர்கள், பெயிண்டோடு வரும். ஹேர் டிரையரில் சூடேற்றி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தால் டேப் அறுந்து சுத்தமாக வந்துவிடும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு நரம்புக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் கெட்டியான நைலான் நூலை வைத்துக்கொள்ளலாம்.