பல்வலிக்குக் கைவைத்தியம்: எதுவரை?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் பயிரிடும் சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், ஒருவர் கழனியிலும் மற்றொருவர் சிப்காட் தொழிற்சாலையிலும் வேலை செய்கின்றனர். பல்வலி வந்தால், "நவரை அறுப்பு முடியட்டும்" என்று ஒருவரும், "ஒரு நாள் சம்பளம் போய்விடுமே" என்று மற்றவரும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப் போடுகின்றனர். அதுவரை கைவைத்தியம்தான். அதில் பயனுள்ளவையும் உண்டு, ஆபத்தானவையும் உண்டு. எது எது என்று உழவர்கள் அறிந்திருப்பது நலம்.

வலி ஏன் வருகிறது?

நெற்பயிரைத் தண்டுத் துளைப்பான் தாக்கும்போது வெளியே தெரிவது சிறு துளைதான். நடுக்குருத்து காய்ந்த பின்னரே சேதம் புரிகிறது. சொத்தைப் பல்லின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் பல்லில் புழு கிடையாது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் புழு விழும் என்பதில் உண்மையில்லை. பல்லில் தங்கும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லை அரித்துக் குழியாக்குகிறது. குழி உள்ளேயுள்ள நரம்பை நெருங்கும்போது அப்பகுதி வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான பல் இருப்பதால் வீக்கத்திற்கு இடமின்றி நரம்பு அழுத்தப்பட்டு வலிக்கிறது. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் வலி அதிகமாகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பவும். பல்லிடுக்கில் சிக்கிய துணுக்கை மெல்லிய நூலால் எடுக்கவும். ஊசியால் குத்த வேண்டாம்.

2. கிராம்புத் தைலம் ஒரு சொட்டைப் பஞ்சில் தோய்த்து, வலிக்கும் பல்லின் மேல் மட்டும் சிறிது நேரம் வைக்கவும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு நம் மாநிலத்தின் மலைத் தோட்டங்களில் விளைவதே. கிராம்பிலுள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பைச் சற்று மரக்கச் செய்கிறது. தைலம் அதிகமானால் ஈறு வெந்துவிடும். அதை விழுங்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

3. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 10 முதல் 15 நிமிடம் வைக்கவும். கன்னம் வீங்கியிருந்தால் சூடான ஒத்தடம் கூடாது.

4. தலையணையை உயர்த்திப் படுக்கவும்.

5. பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றை 6 மணி நேரத்திற்கு ஒருமுறை சாப்பிடலாம். கல்லீரல் நோயுள்ளவர்களும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

செய்யக்கூடாதவை

பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட் ஆகியவற்றை ஒரு துளிகூடப் பல்லில் வைக்கக் கூடாது. வாயின் வழியே நஞ்சு விரைவில் இரத்தத்தில் கலந்து உயிருக்கே கேடு விளைவிக்கும். ஆசிட் வாயை வேகவைத்துவிடும். மருந்து தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பல்லைத் தொடுவதும் தவறு. புகையிலையை அடக்கிக் கொள்வது வாய்ப் புற்றுநோய்க்கு வழி. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின் மேல் வைத்தால் புண்ணாகும்.

ஈறில் இரத்தம் கசிந்தால்

இரத்தம் வருகிறதென்று பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால், ஈறின் ஓரத்தில் படிந்த அழுக்கு நீங்குமாறு காலையும் இரவும் துலக்க வேண்டும். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்பார்கள். குச்சியைப் பயன்படுத்துவோர் நுனியை நன்றாக மென்று நாராக்கிக் கொள்ளவும். செங்கல் தூளும் அடுப்புக்கரியும் பல்லைத் தேய்த்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வலி இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், சீழ் வடிந்தாலும், காய்ச்சலுடன் கன்னம் வீங்கினாலும் பல் மருத்துவரை அணுகவும். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்கவும். தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; அதற்கும் 108-தான்.

முக்கியமான ஒன்று: கடுமையாக இருந்த வலி தானாக நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததென்று எண்ண வேண்டாம். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். சீழ் எலும்பிற்குள் பரவிக் கொண்டிருக்கும். கைவைத்தியம் அன்றைய இரவைக் கடத்த மட்டுமே உதவும். சிறு குழியாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் பெரும்பாலும் ஒரு முறை சென்றால் போதும். முற்றவிட்டால் பல நாள் கூலியும் பல்லும் போகும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் இருக்கும் நாட்களை இப்போதே விசாரித்து வைக்கவும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே, 1953-ல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது. அடுத்த நடவுக்கு முன் வீட்டிலுள்ள அனைவரும் ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டு வருவது நலம் பயக்கும்.