கோப்பு முறைமை சிதைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

நான்கு டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் இணைத்து, லினக்ஸின் மேல் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமையைத் தாங்கி, ஆண்டுக்கணக்காக ஒருவருடைய கவனத்தையும் கோராமல் அலுவலகத்தின் மூலையொன்றில் ஓடிக்கொண்டிருந்த சேமிப்பு சர்வர், திடீரென்று எழுத மறுத்து, 'வாசிக்க மட்டும்' என்ற நிலையில் நின்றுவிடுமானால், அதைப் பராமரிப்பவருடைய கை இயல்பாகவே எஃப்எஸ்சிகே என்னும் பழுதுநீக்கும் கட்டளையை நாடிச் செல்கிறது. அந்தக் கையைச் சற்றுத் தடுத்து நிறுத்துவதே இக்கட்டுரையின் பிரதான நோக்கம்.

1970களில் யூனிக்ஸில் தோன்றிய அந்தக் கட்டளையும், எக்ஸ்ட்4-க்கு இன்று வழங்கும் இ2எஃப்எஸ்சிகே என்னும் அதன் வாரிசும், பேரேட்டின் வரவும் செலவும் ஒத்துப்போய்விட்டால் தன் கடமை தீர்ந்தது என்று கருதும் கணக்குப்பிள்ளையைப் போன்றவை. பதிவு சத்தியமா அசத்தியமா என்ற விசாரம் அவற்றுக்கு இல்லை. ஐநோடுகளும் பிளாக்குகளும் ஒன்றுக்கொன்று முரணின்றி நிற்க வேண்டும் என்பதற்காக, முரண்படும் பதிவை அழித்துவிடவும் அவை தயங்குவதில்லை. பிழையாக வாசித்துத் தரும் டிஸ்க்கின் மேலோ, பழுதான நினைவகத்தின் துணையோடோ இந்தத் திருத்தம் நடைபெறுமானால், நல்ல பதிவுகளே பொய்யென்று தீர்ப்பாகி மறைந்துபோகும். ஆகையால் பரிசோதனை கீழிருந்து மேலாக, கேபிளும் டிஸ்க்கும் முதலாகவும், ரெய்டு அடுத்ததாகவும், கோப்பு முறைமை கடைசியாகவும் செல்ல வேண்டும்.

முதற்காரியம், எழுதுவதை அடியோடு நிறுத்துவது. பகிர்வுகளை மூடிவிடுங்கள். இரவுதோறும் தானாக ஓடும் நகலெடுப்பையும் அப்போதே நிறுத்திவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுத்தாவிட்டால், சிதைந்த கோப்புகள் நேற்றுவரை நன்றாக இருந்த நகல்களின் மேலேயே போய் அமர்ந்துவிடும் அபாயம் உண்டு. சர்வரை அணைத்துப் போட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். கெர்னலின் செய்திகள் நினைவகத்தில் மட்டும் இருக்கக்கூடுமாதலால் அணைத்தவுடன் அவை அழியலாம். போதாக்குறைக்கு, மறுபடி எழும்போது கேட்காமலே பழுதுநீக்கத்தைத் தொடங்கும் சாதனங்களும் இருக்கின்றன. டிமெஸ்ஜ் கட்டளை தரும் செய்திகள் முழுவதையும் வேறொரு கணினிக்கு எடுத்து வைத்துக்கொண்ட பிறகே மேற்கொண்டு எதையும் செய்யலாம்.

அந்தச் செய்திகளை வாசிப்பதில் ஒரு கிரமம் உண்டு. கண்ணுக்கு முதலில் படுவது கடைசிப் பிழை. நமக்கு வேண்டியதோ முதற்பிழை. 'ஏடிஏ' என்று தொடங்கும் வரிகளில் இணைப்பு அறுந்து மீண்டதாகச் செய்தி வந்திருந்தால் கேபிளையோ மின்வழங்கியையோ சந்தேகிக்கலாம். குறிப்பிட்ட செக்டரை வாசிக்க முடியவில்லை என்றிருந்தால் டிஸ்க்கையும், 'எம்டி' என்ற வரியில் உறுப்பினர் ஒருவர் விலக்கப்பட்டிருந்தால் ரெய்டையும் கவனிக்க வேண்டும். இவற்றில் எதுவும் முன்னால் இல்லாமல் எக்ஸ்ட்4 பிழை மட்டும் தனியே தோன்றியிருந்தால், திடீர் மின்தடை, நினைவகப் பழுது, அபூர்வமாக நிரலின் பிழை ஆகியவற்றை ஆராய வேண்டியிருக்கும். சாதனம் 'வாசிக்க மட்டும்' என்று மாறியது நோயன்று. முரண்பாட்டைக் கண்ட கோப்பு முறைமை மேலும் சேதம் நேராதிருக்கத் தானே செய்துகொண்ட தற்காப்பு.

அடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் எடுங்கள். அதில் 'பாஸ்டு' என்றிருக்கும் பொதுத் தீர்ப்பை நம்பி ஆறுதல் கொள்ளாதீர்கள்; செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளும் அந்த நற்சான்றிதழைக் கையில் வைத்திருப்பதுண்டு. சாட்டா டிஸ்க்குகளில் பார்க்க வேண்டியவை 5, 197, 198, 199 என்ற எண்ணுள்ள வரிகள். ஐந்தாவது, பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் தொகை. 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்களையும், 198, டிஸ்க்கின் சொந்தப் பரிசோதனையிலும் மீளாதவற்றையும் சொல்லும். 199 பெரும்பாலும் கேபிளின் குற்றத்தை உரைப்பது. அது ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாதாகையால், கேபிளை மாற்றிய பிறகும் அது ஏறுகிறதா என்பதே கேள்வி.

ரெய்டிலிருந்து விலக்கப்பட்ட டிஸ்க் கட்டாயம் செத்ததென்று கொள்ளவும் வேண்டாம். மேசைக் கணினிக்கான டிஸ்க்குகளில் சில, கெட்ட செக்டர் ஒன்றோடு வெகுநேரம் போராடும். லினக்ஸோ வழக்கமாக 30 விநாடிக்கு மேல் பொறுப்பதில்லை. சேமிப்பு சர்வருக்கென்று செய்யப்பட்ட டிஸ்க்குகள் ஏறத்தாழ 7 விநாடியில் தோல்வியை ஒப்புக்கொள்வதன் ரகசியம் இதுவே.

இனி ரெய்டு. 'எம்டிஸ்டாட்' என்னும் கோப்பில் நான்கு டிஸ்க்குகளுக்கும் 'யு' என்ற எழுத்து நிற்க வேண்டும். எங்கேனும் அடிக்கோடு இருந்தால் அந்த இடம் காலி. எம்டிஅட்ம் கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஆராய்ந்து, 'ஈவென்ட்ஸ்' என்ற எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எண் வெகுவாகப் பின்தங்கிய டிஸ்க் பழைய உள்ளடக்கத்தோடு நிற்கிறது. அதைப் பலவந்தமாகச் சேர்ப்பது, பிழையற்ற கோப்பு முறைமையையும் சிதைக்கப் போதுமானது. ரெய்டைப் புதிதாக 'கிரியேட்' செய்யும் உபாயம், வேறு வழியே இல்லாத நிபுணர்களின் கடைசி ஆயுதமாதலால், அதைத் தொடாதிருப்பது உத்தமம். பாரிட்டி பொருந்தாத இடங்களின் எண்ணிக்கையை ரெய்டின் சரிபார்ப்பு ஓட்டம் சொல்லும். ஆனால் நான்கில் எந்த டிஸ்க் பொய் சொல்கிறதென்று ரெய்டு 5-ஆல் சொல்ல இயலாது. தவிர, வாசிக்க முடியாத செக்டரைக் கண்டால் அந்த ஓட்டம் அதைத் திருப்பி எழுதவும் செய்யும் என்பதால், தளர்ந்த டிஸ்க்கின் மேல் அதை ஓட்டாதீர்கள்.

டிஸ்க்குகளும் ரெய்டும் குற்றமற்றவை என்று தெரிந்தால், நினைவகத்தைவிடப் பெரிய கோப்பு ஒன்றைத் தேர்ந்து, சர்வரிலேயே இருமுறை அதன் எஸ்எச்ஏ256 மதிப்பைக் கணியுங்கள். இரண்டும் வேறுபட்டால் நினைவகத்தையோ கன்ட்ரோலரையோ சந்தேகித்து, ஓரிரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓடவிட வேண்டும். இரண்டும் ஒன்றாயிருந்து, பயனர் கணினியில் மட்டும் மாறினால், குற்றம் வழியிலோ அந்தக் கணினியிலோ இருக்கிறது. கோப்பு முறைமையின் மேல் பழி போட வேண்டியதில்லை.

இவ்வளவும் முடிந்த பின்பே இ2எஃப்எஸ்சிகே. டிஸ்க் எதுவும் தளர்ந்திருந்தால் முதலில் டிடிரெஸ்க்யூவால் அதை வேறொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுங்கள். பிறகு, மவுண்ட் நீக்கப்பட்ட நிலையில், எதையும் எழுதாத 'என்' என்ற தெரிவோடு கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டைச் சேமியுங்கள். மவுண்ட் செய்தபடி ஓட்டினால் இல்லாத பிழைகளெல்லாம் தோன்றும். 'என்' தெரிவு ஜர்னலை ஓட்டாமல் தாண்டிச் செல்வதால், ஜர்னல் தானே சரிசெய்துவிடக்கூடியவையும் பட்டியலில் சேர்ந்து பயமுறுத்தும் என்பதையும் நினைவிற்கொள்க. 'வாசிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தால் டிஸ்க்கில் ஒன்றும் எழுதப்படாது என்ற நம்பிக்கையும் பிழையே. 'நோலோட்' தெரிவைச் சேர்க்காவிட்டால் எக்ஸ்ட்4 அப்போதும் ஜர்னலை ஓட்டிவிடும். சூப்பர்பிளாக்கே வாசிக்கவில்லையென்றால் பதறாதீர்கள். 4 கேபி பிளாக்குள்ள முறைமையில் அதன் பிரதி 32768-ஆம் பிளாக்கில் இருக்கும்.

வேறு கோப்பு முறைமைகளைப் பற்றிச் சுருக்கமாக: இசட்எஃப்எஸ்ஸில் ஸ்கிரப் ஓட்டிய பின் ஸ்டேட்டஸ் கட்டளையே சிதைந்த கோப்புகளின் பெயரைச் சொல்லும். எக்ஸ்எஃப்எஸ்ஸின் பழுதுநீக்கும் கட்டளையிலுள்ள 'எல்' தெரிவு லாகையே துடைத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரிப்பேர் தெரிவு சேதத்தைப் பெருக்கவும் கூடும்.

மீண்டும் எக்ஸ்ட்4-க்கு வந்தால், சேமித்து வைத்த இ2எஃப்எஸ்சிகே வெளியீட்டில் காலி பிளாக்குகளின் கணக்கு மட்டும் பிசகியிருந்தால், பழுதுநீக்கத்தை அனுமதிக்கலாம். ஒரே பிளாக்கைப் பல கோப்புகள் உரிமை கொண்டாடுவதாக வரிகள் வந்தால் அனுமதிக்காதீர்கள், நகலிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிளாக்கை இரட்டித்து இரு கோப்புகளுக்கும் கொடுத்துவிடுவது அக்கட்டளையின் வழக்கம். அவற்றில் ஒன்றிலாவது மற்றதன் உள்ளடக்கம் இருக்கும். எதில் என்று எந்தச் செய்தியும் சொல்லாது.